சந்திரமௌலியின் சட்டைப் பை

கே.ஜி.கண்டிகை போகிற டவுன் பஸ் முதல் வளைவில் திரும்பியதுமே சந்திரமௌலியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சம்பழம் வெளியே வரும். நகத்தால் தோலைக் கீறி மூக்கருகே பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கண்டக்டர் டிக்கெட் கேட்டால் பேசமாட்டான். வாயைத் திறந்தால் பேச்சோடு வேறென்ன வருமோ என்ற பயம். கண்டக்டருக்கும் அந்தப் பயம் உண்டு. அவன் பக்கத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மெக்கானிக்கல் படித்துக்கொண்டு, பந்தயத்தில் பாயப்போகிற ஹைபிரிட் வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். பின் சக்கரங்களுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின், முன் சக்கரங்களுக்கு பேட்டரியில் ஓடும் மின் மோட்டார். ஏன் ரெண்டு என்று யார் கேட்டாலும் கழுத்தைச் சாய்த்து, "அதாங்க கான்செப்ட்டு" என்பான். இந்த இரண்டாயிரத்து ஏழில் உலகமே இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்வான். உலகம் என்ன பேசுகிறதோ, இவனுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது. அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சர்க்கரைப் பொங்கல் கிண்டுகிறவர். பையன் அவரைப் பார்க்க எப்போதும் படியேறித்தான் போவான். பஸ், ஆட்டோ, தெரிந்தவர் ஸ்கூட்டர், எது நின்று கூப்பிட்டாலும் கும்பிட்டு அனுப்பிவிடுவான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று ஊரே உருகுகிறது. சட்டைப் பையில் இருக்கும் பழம் முருகன் காலடியில் வைத்து எடுத்தது என்று கல்லூரியில் நம்புகிறார்கள். நம்பவைத்ததே அவன்தான்.

கல்லூரி ஷெட்டில் பார்த்தால் ஆளே வேறு. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கையில் கிடைத்த தகட்டிலெல்லாம் ஓட்டை போடுவான். ஒருநாள் ஃபர்ஹீன் தன் டிபன் பாக்ஸ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது ஒயர்களுக்கு மேல் மூடியாக உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் ஓட்டையோடு. ஃபர்ஹீன் அரக்கோணத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஷரீப்பின் மகள். எஞ்சின் அவள் பொறுப்பு, ஓட்டுவதும் அவள்தான். "அந்த மூடிய உன் வாய்க்குப் போட்டிருந்தா வண்டி எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றாள்.

வண்டி முடிந்தது, ஓடியது. அதைச் செய்தவன் மட்டும் ஒரு தடவைகூட அதில் உட்காரவில்லை. முதலில் ஒரே சீட்டுதான் வரைந்தான். போட்டி விதி இரண்டு கேட்டதும், இரண்டாவது சீட்டில் மணல் மூட்டையை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். பேராசிரியர் பரந்தாமனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"மணல் மூட்ட வந்து எப்படி ஓடுச்சுன்னு சொல்லுமாய்யா? செஞ்சவனே உக்காராத வண்டிய நான் போட்டிக்கு அனுப்பமாட்டேன். ஞாயித்துக்கெழம மலைப்பாதையில நீ உக்காந்து மேல வந்து சேரு. இல்லனா வண்டி ஷெட்டுலயே கெடக்கட்டும்."

ஒரு வருஷ உழைப்பு, கோயமுத்தூர் போட்டி, ஃபர்ஹீன் ஓட்டக் காத்திருந்த பந்தயம், எல்லாம் இவன் வயிற்றில் வந்து நின்றது. ஞாயிறு வரை மனிதன் சரியாகச் சாப்பிடவில்லை.

காவல் நிலையத்தில் சொல்லிவைத்து, விடிந்ததும் மலையடிவாரத்தில் வண்டிக்குப் பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக ஃபர்ஹீன் வாங்கிவந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்று உருண்டோடிச் சாக்கடையில் விழுந்தது. எல்லார் கண்ணும் சந்திரமௌலியின் சட்டைப் பைக்குப் போயிற்று.

"அதக் குடுடா" என்றாள்.

"சாமி கால்ல வெச்ச பழத்த டயருக்கு அடியில வெக்கச் சொல்றியா? கண்ணு அவிஞ்சிடும்!" என்று பையைப் பொத்திக்கொண்டான். வலது பின் சக்கரம் பழமில்லாமலே புறப்பட்டது.

அடிவாரத்தில் மின் மோட்டார் மட்டும் ஓடியது. சத்தமில்லை, புகையில்லை, வயிறும் பேசாமல் கிடந்தது. ஏற்றம் வந்ததும் ஃபர்ஹீன் எஞ்சினைத் தட்டிவிட்டாள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பழத்தை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனான். ஹெல்மெட்டில் போய் முட்டியது. இன்னொரு தடவை முட்டியது.

"எஞ்சின நிறுத்து."

"நிறுத்துனா வேகம் போயிடும். மேல சார் வாட்ச்ச பாத்துகினு நிக்கிறாரு."

"நிறுத்தலனா ஹெல்மெட்டுக்குள்ளயே ஆயிடும்!"

அவன் முகத்தையும் கையில் இருந்த பழத்தையும் ஃபர்ஹீன் ஒரு பார்வை பார்த்தாள். "அடப்பாவி, இதுக்குத்தான் சாமி பழமா?" என்றாள். எஞ்சினை நிறுத்தினாள்.

அப்புறம் அந்தப் பந்தய வண்டி மலையேறிய அழகைப் பார்க்க வேண்டுமே! காவடியோடு நடந்து வந்த ஆந்திரக் குடும்பம் ஒன்று அலட்டிக்கொள்ளாமல் கூடவே வந்தது. அதில் ஓர் அம்மாள் குனிந்து, "ஏம் நாயனா, பெட்ரோல் அயிபோயிந்தா?" என்று, பெட்ரோல் தீர்ந்துபோனதாக நினைத்து இரக்கப்பட்டாள்.

"லேதம்மா, இதி கரெண்டு பண்டி" என்றான் சந்திரமௌலி. பாதி மலை ஏறியும் வாயைத் திறக்க முடிகிறதே! சந்தோஷம் தாங்காமல் அந்த அம்மாளிடம் மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் தெலுங்கிலேயே விளக்கிக்கொண்டு வந்தான். அவள்தான் பொறுக்க முடியாமல் முந்திக்கொண்டு போனாள்.

மேலே பரந்தாமன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "இதுக்குப் பேரு ஹை பர்ஃபார்மன்ஸா? காவடி மொதல்ல வந்துடுச்சுய்யா!"

"நான் உக்காந்து வந்தேன் இல்ல சார்?"

"ஆங், வந்தே. சொன்ன வார்த்த சொன்னதுதான். கோயமுத்தூருக்குப் போய்த் தொலைங்க. அங்கயாவது எஞ்சினப் போட்டு ஓட்டுங்க."

"போட்டுடலாம் சார்" என்றாள் ஃபர்ஹீன். "அங்க பக்கத்துல மணல் மூட்டைய வெச்சுக்கறேன்."

சந்திரமௌலி ஹெல்மெட்டைக் கழற்றினான். பழம் இன்னும் கையில்தான் இருந்தது, தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல். குனிந்து அதை வலது பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான்.

"டேய், சாமி பழம்னியே!" என்று பரந்தாமன் பதறினார்.

அவன் வண்டிக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினான்.