என் மனைவியின் பெயரால் நடந்த வேள்வி

அன்புடைய அடியார்களுக்கு,

வேள்வியின் பயனால்தான் என் மனைவி அமுதவல்லி பிழைத்தாள் என்று நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவினர் வருவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்கின்றனர். அன்பினால் சொல்கிறார்கள். ஆயினும் அது உண்மையன்று. அந்த வேள்வி அவள் பிழைப்பதற்காக நடக்கவில்லை. அவள் இறப்பதற்காக நடந்தது. இறைவன் என் வேண்டுதலுக்குச் செவிசாய்த்தது மெய். எந்த வேண்டுதலுக்கு என்பதை மாற்றிச் சொல்லலாகாது. ஆகவே இதனை எழுதி வைக்கிறேன்.

சென்ற ஆண்டு தைப்பூசம் கழிந்த சில நாள்களில் அமுதவல்லியைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு குழறியது. விழுங்கிய உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் அழற்சியும் காய்ச்சலும் கண்டன. மருத்துவமனையில் மூக்கின் வழியே குழாய் செலுத்தி உணவு புகட்டினர். கிள்ளானில் உள்ள எங்கள் இல்லத்திற்கு அவள் திரும்பியபோது குழாய் இல்லை. பழைய அமுதவல்லியும் இல்லை. காலையும் மாலையும் அவள் நெற்றியில் திருநீறு இட்டு, கட்டிலருகே நின்று பதிகம் பாடுவேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நோயின் அயர்ச்சி என்றே எண்ணினேன்.

மருத்துவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். காய்ச்சல் மீண்டும் வரக்கூடும். வந்தால் உடனே மருந்து தொடங்க வேண்டும். தாழ்த்தினால் உயிருக்கு உறுதியில்லை.

அவளுடைய தம்பி சிவபாலன் எனக்கு மைத்துனர் மட்டுமல்லர், நம் குழுவில் என்னோடு சேர்ந்து பதிகம் பாடும் இணைக்குரலும் ஆவார். அவரே தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு கோயிலில் ஆயுள் வேள்விக்கு ஏற்பாடு செய்தார். "எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன் அத்தான். நீங்க வந்து உக்காந்தா போதும்," என்றார். என் மகள் பூங்கோதை தாயுடன் வீட்டில் இருந்தாள். நான் நெஞ்சு நிறைந்து போய் அமர்ந்தேன்.

வேள்வி தொடங்குமுன், யார்பொருட்டு, எதன்பொருட்டு என்று குருக்கள் வடமொழியில் உரைப்பது வழக்கம். நான் தமிழ்வழி வழிபாட்டை வலியுறுத்துபவன். எனினும் வடமொழியும் ஓரளவு கற்றவன். அமுதவல்லியின் பெயரையும் பிறந்த விண்மீனையும் சொன்னார். அடுத்து நீண்ட ஆயுள் வரும் எனக் காத்திருந்தேன். வரவில்லை. நோவின்றி, விரைவில், இறப்பு வாய்க்க வேண்டும் என்று வந்தது. என் கையில் பூவும் அரிசியும் இருந்தன. அவற்றைத் தட்டில் இடுமாறு குருக்கள் சைகை காட்டினார். நான் இடவில்லை.

"குருக்களே, என்ன கேட்டீங்க இப்ப?"

குருக்கள் என் மைத்துனரைப் பார்த்தார். "சார் சொன்னதைத்தான் சொன்னேன் ஐயா. ரொம்பக் கஷ்டப்படுறவங்களுக்கு இப்படியும் செய்யறது உண்டு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

சிவபாலன் என் தோளைப் பற்றினார். "அத்தான், இங்க வேணாம். கார் ரோட்டோரத்துல கெடக்கு, போலீஸ்காரன் சம்மன் போட்டுருவான். வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"பூங்கோதைக்கும் தெரியுமா?"

"தெரியும். அக்கா வாயாலதான் கேட்டுச்சு, எனக்குச் சாவு வேணும்னு. அத உங்ககிட்ட யாரு வந்து சொல்றது? ஒரு மணி நேரம் சொற்பொழிவு செய்வீங்க லா."

அதன்பின் மற்றொன்றையும் சொன்னார். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் மருத்துவரை அழைக்காமல், மருந்தும் கொடுக்காமல், என்னிடமும் சொல்லாமல் விட்டுவிடுவதென அவரும் பூங்கோதையும் முடிவு செய்திருந்தனர்.

அவரது காரில் நான் ஏறவில்லை. நிலையத்திற்கு நடந்து சென்று கிள்ளான் தொடர்வண்டியில் அமர்ந்தேன். என் மைத்துனர் என்னை ஏமாற்றினார். நான் பெற்ற மகள் ஏமாற்றினாள். என்னோடு இல்வாழ்வை நடத்தியவளோ சாவு வேண்டும் என்பதை எனக்குச் சொல்லாமல் மற்றவர்களிடம் சொன்னாள். எல்லாவற்றிற்கும் மேலாக இறைவன் மீது எனக்குச் சினம் எழுந்தது. அவன் திருமுன்னிலையிலேயே என்னை உட்காரவைத்து, அவள் சாவுக்கு என் கையாலேயே பூவிட வைக்கப் பார்த்தான். 'அவளைக் காப்பாற்று என்று இனி உன்னிடம் கேட்கமாட்டேன். நீ எதைச் செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னிடம் பேசட்டும். அது போதும்,' என்றேன். என் வாழ்நாளில் நான் பாட்டில்லாமல் வேண்டியது அதுவே முதல்முறை.

பூங்கோதை கதவைத் திறந்தாள். அழுதிருந்தாள். "நாங்க அம்மாவ ஒன்னும் செய்யலப்பா. சாமிகிட்டதான கேட்டோம்."

"மருந்து கொடுக்காம இருக்கப்போறதும் சாமியா?"

உள்ளே சென்று வழக்கம்போல் திருநீறு இட்டேன். பாட வாய் திறந்தேன். குரல் எழவில்லை. கட்டிலோரத்தில் அமர்ந்துவிட்டேன். அமுதவல்லி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"ஏன்... பாடல?"

"குரல் வரல."

"நல்லதாப் போச்சு. நீங்க பாட ஆரம்பிச்சா... நான் எப்பப் பேசறது?"

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவள் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அது. அழுகையினூடே சிரித்தும்விட்டேன். பிறகு கேட்டேன்: "சாகணும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏன்?"

இடக்கையை மெல்ல உயர்த்தி மணிக்கட்டைக் காட்டினாள். "கட்டிப் போட்டாங்க. குழாயப் புடுங்கிட்டேன்னு... நீங்கள்லாம் போனப்புறம் கட்டுவாங்க. மூக்கு அரிச்சாக்கூட சொறிய முடியாது. மறுபடி அங்க போறதுக்கு... செத்துப் போலாம்."

"கட்டமாட்டாங்க, குழாயும் போடமாட்டாங்கன்னா?"

உயர்த்திய கையை இறக்கினாள்.

"அப்புறம் எதுக்குச் சாகணும்?"

வாயிலில் நின்ற பூங்கோதை தரையில் அமர்ந்துவிட்டாள்.

அவளே பிறகு, வீட்டிற்கு வந்து நோவு தணிக்கும் மருத்துவர் ஒருவரை அழைத்துவந்தாள். அவ்வம்மையார் எங்களை விலக்கிவிட்டு அமுதவல்லியிடம் நேரே பேசினார். குழாய் வேண்டாமென்று மறுப்பது அவள் உரிமை, அது கொலையாகாது என்றார். நோவையும் மூச்சுத்திணறலையும் தணிக்க வழியுண்டு என்றார். காய்ச்சல் கண்டால் வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அம்மாதம் கழியுமுன் காய்ச்சல் வந்தது. இம்முறை பூங்கோதை முதலில் என்னை அழைத்தாள். இருவரும் அமுதவல்லியைக் கேட்டோம். "குடுங்க," என்றாள். காய்ச்சல் தணிந்தது. இன்று அவள் சக்கர நாற்காலியில் அமர்ந்து கஞ்சியில் உப்பில்லை என்று குறைசொல்கிறாள்.

எல்லார்க்கும் காய்ச்சல் இவ்வாறு தணிவதில்லை என்பதை அறிவேன். அன்று அவள் மருந்து வேண்டாமென்று தலையசைத்திருந்தால் அதற்கும் நான் பணிந்திருக்க வேண்டும். பணிந்திருப்பேனா, அறியேன்.

கருணைக்கொலை என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். யாருடைய துன்பத்தை முடிக்க அக்கருணை எழுகிறது என்று கேட்பதில்லை. படுத்திருப்பவரின் துன்பமா, பார்த்திருப்போரின் துன்பமா? தாங்கவியலாத மருத்துவத்தை ஒருவர் தாமே மறுப்பது வேறு. நோவைத் தணிப்பது வேறு. அவரைக் கேளாமல் பிறர் கூடி அவர் முடிவை வகுப்பது முற்றிலும் வேறு. அவர் சாவு வேண்டும் என்றே சொன்னாலும், எதனின்று தப்ப அதைக் கேட்கிறார் என்று அறியுமுன் இசைவது அன்பாகாது.

வஞ்சிக்கப்பட்ட புண் இன்னும் ஆறவில்லை. சிவபாலனுடன் சேர்ந்து பாட எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. மறைக்கலாகாது என்பதால் சொல்கிறேன். ஆயினும் அன்று என் குரலை எடுத்துக்கொண்டு அவள் குரலைத் தந்த இறைவனுக்கு நாள்தோறும் நன்றி செலுத்துகிறேன். இப்போது முதலில் அமர்கிறேன். அவள் பேசி முடித்த பின்னரே பாடுகிறேன். உங்கள் இல்லத்திலும் ஒருவர் நெடுநாள் கிடப்பாராயின், அவருக்காக வேண்டுமுன் எதை வேண்டட்டும் என்று அவரையே கேளுங்கள். விடைக்குக் காத்திருங்கள். காத்திருப்போரை இறைவன் கைவிடான் என நம்புங்கள்.

எழுதியதை அமுதவல்லிக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பிழை உண்டு என்றாள். "தம்பி வேள்வி அன்னைக்குச் சாயங்காலம் வந்து... என் கால்மாட்டுல உக்காந்து அழுதான். நீங்க உங்க அறைய விட்டு வெளிய வரல. அத எழுதல."

எழுதிவிட்டேன். சடங்கு குறித்தோ மருத்துவம் குறித்தோ நான் அறியாத பிழைகள் வேறு இருப்பின், அவ்வாறே தயங்காது திருத்தியருளுக.