பதினேழாம் எண் புளியமரம்

இது கட்டுக்கதை இல்லை. 2003ஆம் வருஷக் கோடையில், சின்னாளப்பட்டிக்குத் தெற்கே ஒரு தரிசுக் காட்டில் நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரிதான் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் உச்சிப்பொழுதுக்கும் அதே பயம் உண்டு.

சத்யபிரியாவுக்கு அந்தப் பயம் கிடையாது. மரங்களை ஆராய்வது அவள் வேலை. மழை பொய்த்து, வெயில் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனால் மரம் என்ன பாடுபடும் என்று பார்க்க வந்தவள். நாற்பது புளியமரங்களில் எண் போட்ட தகடுகளை ஆணியால் அடித்து, அடிமரத்தைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த எஃகுப் பட்டை மாட்டியிருந்தாள். உச்சி வெயிலில் தண்ணீரை இழந்து மரம் மயிரிழை அளவு சுருங்கும். பட்டை அதைக் காட்டிவிடும். ஆக, ஊர் எந்த நேரத்தில் போகாதே என்கிறதோ அந்த நேரத்தில்தான் அவள் போயாக வேண்டும்.

"உச்சி நேரத்துல புளியமரத்தடிக்குப் போகாதம்மா" என்றார் டீக்கடை செபஸ்தியம்மாள்.

"வரட்டும்க்கா. அந்தப் பேய்க்கும் ஒரு பட்டைய மாட்டி அளந்துருவோம்" என்றாள் இவள்.

மூன்றாவது வருஷமாக மழை இல்லை. கிணறுகளில் பாறை தெரிந்தது. முப்பத்தொன்பது மரங்கள் சுருங்கின. பதினேழாம் மரம் மட்டும் பருத்தது. பட்டையை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் பருத்தது. இந்த ஒரு மரத்துக்கு மட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தபோதுதான், காட்டுக்காரர் உடையப்பன் அந்த மரத்தைச் செங்கல் சூளைக்கு விலை பேசிவிட்டார்.

"வெள்ளிக்கெழம வெட்டுறோம். ஒம் பட்டைய அவுத்துக்க."

"அவுக்க மாட்டேன். வெட்டுறதையும் பாத்துருவோம்."

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு முன்பே போய்விட்டாள். மணி பன்னிரண்டு ஐந்து. காற்று இல்லை. காக்கை இல்லை. ஆனால் அந்த மரத்தின் இலை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. முந்தானையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குடிக்கவே லாரித் தண்ணீர் வருகிற ஊரில் இவள் எங்கே போய்க் குளித்தாள்?

"ஆணியப் பிடுங்கிரு தாயி. குத்துது."

"மரத்துக்கு வலிக்காதும்மா."

"மரத்துக்கா?"

சத்யபிரியா சுற்றிப் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. மண் மட்டும் ஈரமாக இருந்தது.

களுக்... களுக்...

சத்தம் மரத்துக்குள்ளே. காதை வைத்துக் கேட்டாள். களுக்... பட்டையைப் பார்த்தாள். மரம் விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

மூச்சு.

பயந்தாள், பொய் சொல்வானேன். ஆனாலும் ஓடவில்லை. குறடை எடுத்து ஆணியைப் பிடுங்கினாள்.

துளையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று...

காதருகே அதே குரல்.

"வெட்ட விடாத."

அப்போதுதான் உடையப்பன் ரம்பக்காரர்களோடு வந்து சேர்ந்தார். சத்யபிரியா மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"தள்ளிப் போம்மா. எம் மரம், நான் வெட்டுறேன். ஒனக்கென்ன?"

"வெட்டுறதா இருந்தா என்னையும் சேத்து வெட்டுங்க."

உடையப்பனின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு... யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு இத?"

"யாரும் சொல்லல. இங்க ஒரு அம்மா நின்னாங்க. ஒடம்பெல்லாம் ஈரம்..."

தோளில் கிடந்த துண்டு விழுந்தது. எடுக்கக் குனியவில்லை அவர். திரும்பி நடந்தார். நடை ஓட்டமானது. ரம்பக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள்.

எண் தகட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு, சத்யபிரியா நேரே டீக்கடைக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். செபஸ்தியம்மாள் அடுப்பை அணைத்தார்.

"அது ஒச்சம்மா. உடையப்பனோட அண்ணன் பொண்டாட்டி. புருசன் செத்ததும் அந்தக் காடும் கெணறும் அவ பங்கு. கெணத்த மூடிட்டா ஊர விட்டுப் போயிருவான்னு இவன் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வந்தான். அவ கெணத்துக்குள்ள எறங்கி நின்னுக்கிட்டா. 'மூடுறதா இருந்தா என்னையும் சேத்து மூடுங்கடா'ன்னா."

"அப்புறம்?"

"உச்சி நேரம். பாக்க ஆளு இல்ல. மூடிட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் மண்ணு தள்ளுனாரு. சாகும்போதுதான் எங்கிட்ட சொன்னாரு."

"அந்தக் கெணறு எங்கக்கா? மரத்துக்குப் பக்கத்துலயா?"

"அப்ப அங்க மரமே கெடையாதும்மா" என்றார் செபஸ்தியம்மாள். "மூடுன கெணத்து மேலதான் அது மொளச்சுச்சு."