குனிஞ்சு வாங்க

ஏட்டையாவை நினைத்தால் எனக்கு அவர் முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. இடது அக்குளில் இடுக்கிய காக்கித் தொப்பிதான் வருகிறது. கனத்த உடம்பு, இடுப்புப் பிடிப்பு வேறு. அந்த உடம்பை மடித்து எங்கள் தெருவில் பாவுக்கு அடியில் நுழைந்து வருவார். நிமிரும்போது "அம்மாடி" என்று ஒரு சத்தம். ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிவோம். காலையில் அது இடுப்புயரத்தில் தெருவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நிற்கும். இந்த வரிசை வீட்டிலிருந்து அந்த வரிசைக்குப் போக யாரானாலும் குனிய வேண்டியதுதான். முதலாளி வந்தாலும் சம்பந்தி வந்தாலும் "குனிஞ்சு வாங்க" என்போம். எங்கள் தெருவில் அது ஒரு வரவேற்பு.

அந்த வரவேற்பை எதிர்வீட்டு அத்தை ஒருநாள் இன்ஸ்பெக்டருக்கும் சொல்லிவிட்டார். எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஏதோ குழாயடிச் சண்டையை விசாரிக்க வந்த மனிதர், "யாரைக் குனியச் சொல்றே?" என்று கத்தி, லத்தியால் பாவைத் தூக்கினார். இழைகள் பொலபொலவென்று அறுந்தன. அத்தை வீட்டில் அத்தனை பேரும் நாள்கணக்கில் உட்கார்ந்து அவற்றை முடிந்தார்கள். அன்றோடு தெரு வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு போலீஸ் எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க"தான். சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே அந்த வீடு எங்கே என்று தெரியாது என்றவர்களும் உண்டு.

இது வேடிக்கையாக இருந்திருக்கும், என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால். அண்ணன் கூலிக்கு நெய்துகொண்டிருந்த முதலாளி வீட்டில் பட்டு நூல் காணாமல் போனது. சந்தேகத்தில் அவரை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். நூல் போனதாகச் சொன்ன சாயங்காலம் முழுக்க அண்ணன் அத்தை வீட்டில் இழை முடிந்துகொண்டிருந்தார். அத்தை வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எடுத்துச் சொன்னால் யாருக்கும் புரியும் என்று அப்போது முழுதாக நம்பினேன்.

"உங்கண்ணன் என் வூட்லதான் இருந்தான். சாமி மேல சத்தியம் பண்றேன். ஆனா அந்த ஆளாண்ட வந்து நான் சொல்லமாட்டேன்" என்றார் அத்தை.

"அண்ணன் உள்ள கெடக்குறாரு, அத்தே."

"தெரியுது. பாவை அறுத்தவன் வாசல்ல நான் போயி நிக்கணுமா?"

ஸ்டேஷனுக்கு ஓடினால் இன்ஸ்பெக்டர், "சாட்சி இருந்தா கூட்டிகிட்டு வா. வீடு வீடா போய்க் கெஞ்சவா எனக்கு கவர்மெண்ட் சம்பளம் குடுக்குது?" என்றார். வாடகை சைக்கிளில் இங்கும் அங்கும் மிதித்ததில் எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே அளவுக்கு எரிச்சல் வந்தது. இருவருக்கும் சொல்வதற்கு நியாயம் இருந்தது, நடுவில் அண்ணன் இருந்தார். அந்த நியாயங்களில் எதுவும் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கித் தரவில்லை.

நான் கெஞ்சியதையெல்லாம் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏட்டையா மறுநாள் காலையில் தனியாக வந்தார். பாவுக்கு முன்னால் நின்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் "குனிஞ்சு வாங்க" என்று சொல்லவில்லை. அவராகவே குனிந்தார்.

"தொப்பிய கழட்டுங்க ஏட்டையா, நூல்ல மாட்டும்" என்றார் அத்தை, தன்னையறியாமல்.

கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நுழைந்தார். "இடுப்பு போச்சும்மா. உங்க தெருவுக்கு டியூட்டி போட்டா டிபார்ட்மெண்ட்ல தைலமும் சேத்துக் குடுக்கணும்."

போலீஸ்காரர் பேச்சுக்கு எங்கள் தெரு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அத்தை தண்ணீர் கொடுத்தார்; நடந்ததைச் சொன்னார். ஆனால் ஏட்டிடம் சொன்னது செல்லாதாம், தன் காதில் விழ வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். எப்படிப் பேசினாரோ, அதற்கடுத்த நாள் ஏட்டையா அவரையே கூட்டி வந்துவிட்டார். பாவுக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர், இந்தப் பக்கம் அத்தை. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவர் குனிய மாட்டார், இவர் தாண்டிப் போக மாட்டார். "அந்தம்மாவைக் கேளு" என்பார் அவர். ஏட்டையா குனிந்து இந்தப் பக்கம் வந்து கேட்பார். பதிலை வாங்கிக்கொண்டு மறுபடியும் குனிந்து அந்தப் பக்கம் போவார்.

"ஏன் ஏட்டையா, அவருக்கு காது கேக்கும் இல்ல?" என்றார் அத்தை.

"நல்லா கேக்கும்மா. அதான் பேஜாரே" என்றார் ஏட்டையா, மூச்சு வாங்க.

மத்தியானம் அண்ணனை விட்டார்கள். இரண்டு கையும் வீங்கியிருந்தன. தறியில் இறங்க வெகுநாள் ஆயிற்று.

அதன்பின் கொஞ்ச காலம் எங்கள் தெரு ஏட்டையாவிடம் எதையும் சொல்லும். சைக்கிள் திருட்டு, புருஷன் அடித்தது, எல்லாவற்றையும். "ஜனங்களோட கொஞ்சிகிட்டு இருக்கான்" என்று அவரைப் போளூருக்கு மாற்றினார்கள். அவர் ஏறிய பஸ்ஸிலேயே அந்த நம்பிக்கையும் ஏறிப் போய்விட்டது. ஸ்டேஷனில் அதைப் பத்திரப்படுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். அவர் செய்ததை இன்னொருவரும் செய்யலாமே. அப்படி என்ன பெரிய வித்தை அது?

போன மாதம் பள்ளிக்கூட ஹாலில் போலீஸ், பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் நடந்தது. மைக், மாலை, குடிக்கக் கலர் சோடா. இப்போதிருக்கிற இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர். படித்தவன் என்று என்னை மேடையில் ஏற்றி, "உங்க தெரு ஜனங்க எங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்க, சொல்லுங்க" என்றார். "தெருவுக்கு வந்தா தொப்பியக் கழட்டி அக்குள்ல வெச்சிகினு, கொஞ்சம் குனியணும் சார்" என்றேன். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, நகைச்சுவையாகப் பேசியதற்கு எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

மறுநாள் காலையில் ஜீப் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அத்தை வீட்டுப் பாவுதான் குறுக்கே இருந்தது. அத்தைக்கு இப்போது பார்வை மங்கல். நூலைக் கண்ணருகே பிடித்து இழை முடிந்துகொண்டிருந்தார். மறுபடியும் ஹாரன். அத்தை தலையைத் தூக்காமலே, எல்லாருக்கும் சொல்வதுபோலவே சொன்னார்:

"ஹாரன் அடிச்சா பாவு நகருமா? எறங்கி, குனிஞ்சு வாங்க."

ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, தொப்பியைத்தான் பார்த்தேன். அது தலையிலேயே இருந்தது.