முன்பக்கத்துத் தேதி

அந்த லைசென்ஸ் அட்டையை என் சித்தப்பா டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றுதான் தபாலில் வந்திருந்தது. பல வருடம் பைக்கில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தவர், நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்று, பழைய பைக் லைசென்ஸோடு காரையும் சேர்த்து வாங்கியிருந்தார். விண்ணப்பம், போட்டோ ஏற்றுவது எல்லாம் நான்தான் செய்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன். பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்கு வந்துதான் போகும். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

சித்தப்பாவுக்குத் தன் பெயரைப் போடுவதைத் தவிர எழுத்து வராது; எண்கள் தெரியும். அட்டையின் முன்பக்கத்தில் இருந்த ஒரே தேதியின் கீழ் நகத்தை வைத்தார்.

"ஏம்ப்பா, இதுல முடியற தேதி ஒண்ணுதானே போட்டிருக்கான்? எனக்கு அம்பது ஆவற நாளு. அது வந்தா பைக்கு, காரு ரெண்டும் போயிடும்ல?"

நான் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கித் திருப்பினேன். பின்பக்கத்தில் பைக்குக்கு நேராக ஒரு தேதி, காருக்கு நேராக ஒரு தேதி. "பாருங்க சித்தப்பா, ரெண்டுக்கும் தனித்தனியா இருக்கு. பைக்குதான் அப்ப முடியும். காருக்கு இப்பதானே எடுத்தோம், இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"இல்லப்பா, போலீஸ்காரன் முன்னாடிதானே பாப்பான்..."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. விடுங்க."

சித்தி உள்ளேயிருந்து சிரித்தாள். "படிச்ச புள்ள சொல்லுது, நீ என்னமோ ஆர்டிஓ ஆபீசர் மாதிரி நோண்டற!" சித்தப்பாவும் சிரித்துவிட்டு அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்பக்கத்தில் இருந்தவை அந்தந்த வண்டிக்கு அனுமதி கொடுத்த தேதிகள், அவ்வளவுதான். பழைய லைசென்ஸோடு புது வண்டியைச் சேர்த்தால் காருக்கென்று தனி ஆயுள் பிறப்பதில்லை. பழைய தேதியோடு இரண்டும் சேர்ந்தே முடிகின்றன. சித்தப்பா சரியாகப் படித்திருந்தார். ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு ஒருமுறை போன் செய்தும் கேட்டார். நான் ஆபீஸில் இருந்தேன். "எத்தன வாட்டி சொல்றது?" என்று வைத்துவிட்டேன்.

அவர் தொம்மலூரில் ஓர் ஆடிட்டர் வீட்டில் கார் ஓட்டினார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்கள். ஆடிட்டரின் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போய்வருவது சித்தப்பாவின் முக்கிய வேலை. அந்தக் குழந்தை அவரைத் தவிர வேறு யாரிடமும் பையைக் கொடுக்காது என்று எங்களிடம் பத்துமுறையாவது சொல்லியிருப்பார். அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் டிரைவர்களுக்குப் புது நுழைவு அட்டை கொடுக்க லைசென்ஸ் நகல் கேட்டார்கள். அதில்தான் மாட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் என்னையும் வரச் சொன்னார்.

"தம்பி, அபார்ட்மென்ட் செகரெட்டரி போன் பண்ணி 'முகிதோகிதே சார்'ங்கறாரு. முடிஞ்சுபோச்சாம். நீ படிச்சவன், நீயே படி."

படித்தேன். முன்பக்கத்தில் ஒரே தேதி. அது கடந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது.

"இத்தன நாளா லைசென்ஸ் இல்லாம என் பேத்தியக் கூட்டிட்டுப் போயிருக்காரு. ஏதாவது ஆகியிருந்தா? வீட்ல யாரும் பாக்கலையா?"

அந்தக் கேள்வி எனக்கானது. சித்தப்பா செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "அவருக்குப் படிக்கத் தெரியாது சார். கவனிக்காம விட்டிருப்பாரு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்குச் சரிபார்ப்பவர் போல ஒரு நொடி. பிறகு ஆடிட்டரிடம் திரும்பி, "ஆமாங்கய்யா. நான்தான் பாக்கல" என்றார்.

வேலை போயிற்று. பைக் ஓட்டும் உரிமையும் சேர்ந்தே போயிருந்ததால் நான்தான் அவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை ஓட்டினேன். சில்க் போர்டு அருகே, "பஸ்ஸு வருது, ஓரமா போ" என்றார்.

லைசென்ஸ் முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பித்திருக்கலாம். இப்போது எல்.எல்.ஆரிலிருந்து தொடங்க வேண்டும். கணினித் தேர்வில் கேள்வியைப் படிக்க முடியாமல் ஒருமுறை தோற்றார். படங்களை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்தமுறை தேறினார். டிரைவிங் ஸ்கூல் பையன், "அங்கிள், கிளட்ச் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டதைச் சித்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாம் என ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் சந்துக்குள் எனக்கு இருந்த ஒரே மரியாதை போய்விடும். அதற்குத்தான் பயந்தேன், வேறு காரணம் கண்டுபிடிக்க முயன்று பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

புது லைசென்ஸ் வந்த பிறகு, போன மாதம், ஒரு துணிக் கம்பெனியில் டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் நிரப்ப நானும் போனேன். பெயர், வயது, முகவரி. பிறகு ஒரு கட்டம்: முந்தைய வேலையை விட்ட காரணம்.

"என்ன போடறது?" என்றேன்.

"நான் தேதியப் பாக்காம விட்டுட்டேன்னு போடு. அதானே அங்க சொன்னோம்."

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதே கதையை மாற்றாமல் சொல்ல வேண்டும் என்கிற கவலைதான் இருந்தது. பேனா என் கையில் இருந்தது. எதிரே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சித்தப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம்.

நான் அவர் சொன்னபடியே எழுதினேன். அழகான கையெழுத்து என்று பள்ளியில் பரிசு வாங்கியவன். எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பினேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. குனிந்து, அதன் கீழே எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக்கொடுத்தார்.