கடைசிக் கட்டிச் சூடம்

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் என்னவெல்லாம் கிடைக்காமல் போனது என்று கேட்டால் அரிசி, சீனி, துணி என்று அடுக்குவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சூடம்தான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. அங்கே ஒரே ஒரு கட்டிச் சூடம் மிச்சம் இருந்தது. பூசை செய்யும் பண்டாரம் அதை ஒரு பால் டின்னில் போட்டு மூடி அம்மன் காலடியில் வைத்திருந்தார். அம்மனுக்கே அதை ஏற்றவில்லை, வெறும் எண்ணெய் விளக்குதான். கேட்டால், "நல்ல காரியத்துக்கு வேணும்" என்பார்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். ஜப்பான்காரன் வந்த அடுத்த வருடம், பட்டறை ஆட்கள் சிலரை லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அண்ணன் மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அண்ணியும் நானும்தான். அண்ணிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

வீடு ரயில்வேக்குச் சொந்தம். ஆண்பிள்ளை இல்லாத வீடுகளைக் காலி செய்து வேறு ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் போக்கிடம் இல்லாமல் இல்லை. கேரி தீவில், ரப்பர் தோட்டத்தில், அண்ணியின் தாய்மாமன் இருந்தார். வரச்சொல்லி ஆள்கூட அனுப்பினார். அண்ணி அசையவில்லை.

"உங்கண்ணன் வந்தா இந்தக் கதவத்தான் தட்டுவாரு பாப்பா. தெறக்க ஆள் இருக்கணுமில்ல?"

அவர் கேட்டது அவ்வளவுதான். அண்ணன் வந்து தட்டும்போது அந்தக் கதவுக்குப் பின்னால் தான் இருக்க வேண்டும்.

யார் இருக்கலாம், யார் போகலாம் என்று ஜப்பான் அதிகாரியிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். இந்தியாவின் விடுதலைக்காக ஜப்பான்காரன் ஆதரவோடு நம் ஆட்கள் நடத்திய சங்கத்துக்கு எங்கள் பகுதித் தலைவர். முன்பு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அப்போது வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். தலைவரான பிறகு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தாய்நாடு விடுதலை ஆகும்வரை மனைவியைத் தொடுவதில்லை என்று மேடையிலேயே சபதம் செய்தார். அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு இப்பவே விடுதலை கெடச்சிடுச்சிலா" என்று பின்னால் ஒரு பட்டறை ஆள் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பொத்தினார்.

எந்தக் கூட்டமானாலும் அவர் பேச்சு பெண்களின் மானத்தில் வந்துதான் முடியும். பெண்களின் மானம்தான் நம் கொடி என்பார். கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

நான் அரிசி வரிசையில் நிற்கப் போகும் காலை நேரங்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சயாம் தகவல் சொல்ல வருவதாகப் பேச்சு. தகவல் சொல்ல வருகிறவர் ஏன் சாக்கடைச் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வருகிறார் என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. சில நாள் துண்டில் முடிந்து நல்ல அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அண்ணி அதை எனக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, தான் மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால், "எனக்கு அது எறங்கல" என்பார்.

பட்டினியில் எல்லாருக்கும் கால் வீங்கிய காலம் அது. அண்ணியின் வயிறும் அப்படி வீங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் நான் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவேன்னாரு. நான் என்னா செய்ய?"

நான் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். அண்ணி எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

குழாயடியில் பேசினார்கள்.

"புருசன் சயாம்ல, புள்ள மட்டும் பிரிக்பீல்ட்ஸ்லயா?"

"அதான் பாதை போடுறாங்களே, ரயில்லயே வந்திருக்கும்லா."

"பின்வாசல்ல வந்தத நீதானக்கா பாத்தேன்னு சொன்ன?"

"வாய மூடு. அவரு பேரு வெளிய வந்துச்சின்னா நாளைக்கு உன் வீட்டுக்காரனையும் லோரியில ஏத்திடுவாங்க."

நான் பக்கத்திலேயே வாளியோடு நின்றேன். எனக்கு முன்னால் பேச அவர்களுக்குக் கூச்சம் இல்லை. என் முறை வந்ததும் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பஞ்சாயத்து கூட்டினார்கள். பஞ்சாயத்து என்றால் நடுவில் உட்காருவது தலைவர்தான். அன்றும் அவர்தான் உட்கார்ந்தார். அது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. "புருசன் ஊரில் இல்லாதபோது ஒரு குடும்பப் பெண் இப்படி நடக்கலாமா அம்மா?" என்று மேடைத் தமிழில் கேட்டார். குரல் இரக்கமாகத்தான் இருந்தது.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பண்டாரத்தைப் பார்த்தார்.

"சூடம் ஏத்துங்க சாமி. அணைச்சி சொல்றேன், யாருன்னு."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து ஒருவர் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் பேச்சில்லை. கோழித் திருட்டோ சொத்துத் தகராறோ, கடைசிக் கோர்ட்டு அதுதான். பண்டாரம் டின்னைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் தலைவரின் முகத்தைப் பார்த்தார்.

தலைவருக்குச் சங்கத்தில் பெரிய பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் அவருக்கு வரவேற்பு. அதற்குத்தான் அந்தக் கட்டி.

"அது தேசத்துக்காக வைத்த சூடம். இந்த அசிங்கத்துக்கு ஏற்றக் கூடாது" என்றார் தலைவர்.

கூட்டம் மூச்சு விட்டது. எனக்குக் கேட்டது. அவர்களுக்கும் அந்தப் பெயரைக் காதால் கேட்க விருப்பமில்லை. கேட்டுவிட்டால் பிறகு ஏதாவது செய்ய வேண்டி வரும். வரவேற்பு முடிந்த மறுநாள் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. தலைவர் இன்னொன்றும் சொன்னார். "அந்தக் குடும்பத்தின்மேல் நமக்குக் கோபமில்லை. வரவேற்பில் அந்த வீட்டுப் பெண்ணே எனக்கு ஆலத்தி எடுக்கட்டும்." அந்தப் பெண் நான்தான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "என்னா மனசு பாரு அவருக்கு" என்றார் ஒரு அக்கா.

வரவேற்பு அன்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை என் கையில் கொடுத்தார்கள். நடுவில் வெற்றிலை, அதன்மேல் அந்தக் கட்டி. பண்டாரம் ஏற்றினார். நன்றாகத்தான் எரிந்தது. தலைவர் மாலையோடு வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்த வயிற்றோடு வந்ததால் வழி விட்டார்கள். வந்தவர் உள்ளங்கையைச் சூடத்தின்மேல் வைத்து அழுத்தினார். வெற்றிலை சுருங்கியது.

"என் வயித்துப் புள்ளைக்கு அப்பன் இவருதான். சத்தியம்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. தலைவர் கண்ணைத் திறந்தார். கூட்டம் தட்டையே பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஐயோ, ஆலத்தி அணைஞ்சிடுச்சே! வேற சூடம் இல்லியா?"

அப்போதுதான் கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஆளுக்கு ஆள் சூடத்தைப் பற்றிப் பேசினார்கள். பண்டாரம் டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். தலைவர், "பரவாயில்லை அம்மா, தண்ணீரையே சுற்றுங்கள்" என்றார். நான் தட்டைக் கீழே வைத்தேன். இன்னொருத்தி எடுத்துச் சுற்றி அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். அன்றைக்கு அவர் தாய்க்குலத்தைப் பற்றிப் பேசினார். கை தட்டினார்கள். நாங்கள் வீட்டுக்கு நடக்கும்போது கைதட்டல் பின்னால் கேட்டது.

மறுநாள் காலை கடைசியாகத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

"சுபகாரியத்துல நெருப்ப அணைச்சவ வெளங்குவாளா?"

"பொய்ச் சத்தியம்னா கை வெந்துடும்பாங்களே. அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"பழைய சூடம்லா. சூடே இருந்திருக்காது."

தலைவர் பின்வாசலில் வந்ததைப் பார்த்த அக்காதான் அதைச் சொன்னது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணி வீட்டைப் பெருக்கி, கதவைத் துடைத்து வைத்திருந்தார். அடுத்து வருகிறவர்களுக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கிள்ளானுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து தெலுக் பங்லிமா காராங்வரை நடந்தும் மாட்டு வண்டியிலுமாகப் போய், படகில் தீவுக்குப் போனோம். குழந்தை அங்கே பிறந்தது. பெண். சயாமிலிருந்து திரும்பியவர்கள் அண்ணன் காலராவில் போனதைச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கதவை அவர் தட்டவே இல்லை. அந்தத் தகவல் வந்த அன்றும் அண்ணி பால் வெட்டப் போனார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து கொஞ்ச நாளில் தலைவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். இப்போது காற்சட்டை, கக்கத்தில் தொப்பி. சயாமில் புருசனைப் பறிகொடுத்த பெண்களுக்காகத் துரைகளிடம் பேசப் போகிறாராம். தோட்டத்துப் பெண்கள் ஆலத்தித் தட்டோடு நின்றார்கள். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றார். தலைவர் அண்ணியைப் பார்த்தார். குழந்தையையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கீங்களா அம்மா?"

"இருக்கோம். இப்ப சூடம் கெடைக்குது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஆலத்திக்குப் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே பேச்சு ஆரம்பமானது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெண்களின் மானம் என்று அவர் சொன்ன இடத்தில் கை தட்டினார்கள்.