நாய் நக்கிய கால்

எங்கள் நாய்க்கு நக்குவதுதான் உத்தியோகம். உரும்பிராய் வீட்டு விறாந்தையில் படுத்தபடி, தன் முன்னங்காலை மயிர் உதிர்ந்து புண்ணாகும்வரை நக்கும். அந்தச் சளக் சளக் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். அதையும் ருசி பார்த்தது.

மிருக வைத்தியர் உண்ணிக்கு மருந்து தந்துவிட்டு, நாயைக் காட்டிச் சொன்னார்:

"உவருக்குப் பொழுது போகேல்லை அம்மா. ஏசினாலும் உவருக்கு அது கவனிப்புத்தான். நக்கேக்கை ஆரும் பாக்காதையுங்கோ, எழும்பிப் போங்கோ. விட்ட பிறகு தடவிக் குடுங்கோ."

அன்றிலிருந்து என் கணவர் வெங்காயத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் நாயையும் கூட்டிப் போனார். நான் சிரட்டைக்குள் சோற்றை அமத்தி வைத்தேன். அதைத் தோண்டித் தின்னவே அதற்கு நேரம் சரியாகிவிடும். கால் ஆறி மயிர் முளைத்தது. எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பிறகு கோயில் திருவிழா வந்தது. கணவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லி அலுத்துவிட்டார்கள். இவரோ கொடியேறினால் திருவிழா முடியும்வரை செருப்புப் போடமாட்டார். மத்தியானப் பூசைக்குத் தார் றோட்டில் நடந்து போய் வருவார்.

"கால் சுடேல்லையே?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு சூடும் தெரியேல்லை. முருகன் பாத்துக்கொள்ளுவான்."

அதைப் பக்தி என்று அவர் நம்பினார். ஊரும் நம்பியது.

அந்த நாட்களில்தான் நாய் அவருடைய வலது பாதத்தை நக்கத் தொடங்கியது. அவர் கதிரையில் சாய்ந்து பேப்பர் பார்க்கும்போது கீழே புகுந்து உள்ளங்காலை நக்கும்.

"பழைய குணம் திரும்பியிட்டுது. பாக்காதையும்," என்றார் என்னிடம்.

நான் பார்க்கவில்லை. அவர் எழுந்து போவார், நாய் பின்னால் போகும். விட்டதும் தடவிக் கொடுப்பார். வைத்தியர் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த வீடு இந்த ஊரில் வேறு இருந்திருக்காது.

தேர் முடிந்த கையோடு வீட்டுக்குள் ஒரு நாற்றம். செத்த எலியாக்கும் என்று அலுமாரிக்குப் பின்னால் தேடினேன். விறாந்தையைக் கழுவப் போனபோது சீமெந்தில் ஈரமான கால்தடம் கிடந்தது. அவருடைய காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் விரல் நுழையும் அளவுக்குக் குழி. என்ன பார்க்கிறீர் என்று கேட்டார். அவருக்கு நோகவேயில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

யாரைக் கோபிப்பது? நாயையா, வைத்தியரையா, முருகனையா? எல்லோர் மீதும் எனக்குக் கோபம்தான். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தோட்டம் குத்தகைக்குப் போய்விட்டது. அவர் நாள் முழுக்க விறாந்தையில் இருக்கிறார். மற்றக் காலைத் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கப் போனால், "நான் பாத்திட்டன், நீர் போம்," என்று விரட்டுவார்.

நேற்று மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு வந்தேன். நாய் கதிரைக்குக் கீழே கிடந்து அவருடைய இடது பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்தேன். அவர் காலை உடுத்திருந்த சாரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"பாக்காதையும்," என்றார்.