மருந்து படாத கை

தூண்டிலுக்குத் தங்கச்சாமியைப் போல மெனக்கெட்ட ஆளை ஏழாயிரம்பண்ணையில் நான் கண்டதில்லை. வாரம் முழுக்கப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வெம்பக்கோட்டை அணை. லாரி டியூபில் உட்கார்ந்து, காற்று தள்ளுகிற பக்கம் மிதந்துகொண்டே கெளுத்தி பிடிப்பார். இன்னொரு டியூபில் நானும் போவேன். கோழிக்கறிக் கடை என்னுடையது. இரைக்குக் குடல் கொடுக்கிறவன் என்ற உரிமையில் கேலியும் செய்வேன்.

மிதந்து பிடிப்பதற்கென்று அவரிடம் ஒரு கணக்கு உண்டு. ஈயக்குண்டு கனமானால் இரை சகதியில் புதையும், இல்லாவிட்டால் மூழ்கிக் கிடக்கும் கருவேலந்தூரில் மாட்டும். குண்டு லேசானால் இரை மேலே வந்துவிடும். சகதியை உரசியும் உரசாமலும் அது டியூபுக்குப் பின்னால் வர வேண்டும். அதனால் காற்றைப் பார்த்துப் பார்த்துக் குண்டை மாற்றுவார். கெளுத்திக்கு வாய் அகலம், ஆகவே பெரிய தூண்டில் முள். தூரில் அறுந்துவிடக் கூடாதென்று தங்கூசி என்கிற நைலான் நரம்பில் தடித்தது.

இரையை மட்டும் தொடமாட்டார். கெளுத்திக்கு எல்லாமே மோப்பம்தான். தங்கச்சாமி கை பட்ட குடலை அது சீந்தாது. அந்தக் கையில் அப்படிக் கந்தக வாடை. சோப்பு, சீயக்காய், புளி எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டார். மனைவி கருப்பம்மாளும் பட்டாசு வேலைக்குப் போகிறவள்தான், அவள் கையும் உதவாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பானுப்பிரியாதான் முள்ளில் குடலைக் கோத்துப் பூவரச இலையில் பொதிந்து கொடுப்பாள். மீன் மாட்டும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சொல்வார்.

"எம் மக கை மருந்து தொடாத கை அண்ணாச்சி. கடைசி வரைக்கும் தொடாது."

வீட்டில் ஒருத்தியாவது தப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை கிடையாது.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி மாதம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. கம்பெனிகளுக்கு ஆள் பிடிக்கிறவர்களின் வேன் தெருத்தெருவாக நின்று போனது. அந்தச் சமயத்தில்தான் தங்கச்சாமியின் தூண்டிலில் மீன் கடிப்பது நின்றது. எனக்கு மாட்டியது, பக்கத்திலேயே மிதந்த அவருக்கு மாட்டவில்லை. குண்டு சரியில்லை என்றார், மாற்றினார். முள் மழுங்கிவிட்டது என்று புதுசு வாங்கினார். நரம்பு தடிமன் என்று மெல்லிசு கட்டினார். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நான் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதைதான். பாவமாக இருந்தது. நான் குடல் கோத்த முள் ஒன்றைக் கொடுத்து, இதைக் கட்டிப் பாரும் என்றேன். அதே குண்டு, அதே நரம்பு. கொஞ்ச தூரம் மிதப்பதற்குள் பெரிய கெளுத்தி ஒன்று மாட்டியது. தங்கச்சாமி அதை என் கையில் கொடுத்துவிட்டு, மகள் தந்த இலைப் பொதியைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். கரையேறி விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தார். மீனைத் தூக்கிக்கொண்டு நானும் அவர் வீடு வரை பின்னாலேயே போனேன்.

பானுப்பிரியா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். அவள் அழத் தொடங்கினாள். அவர் விடியற்காலை வேனில் போன பிறகு, பள்ளிக்கூட உடுப்பிலேயே வேறொரு கம்பெனிக்குத் திரி செருகப் போய்க்கொண்டிருந்தாளாம். அனுப்பியவள் கருப்பம்மாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் கருப்பம்மாளே வெளியே வந்து பேசினாள்.

"பன்னெண்டு முடிச்ச எதுத்த வீட்டுச் சொர்ணலட்சுமியும் எங்கூடத்தான் உக்காந்து திரி செருகுதா. எம்புட்டுப் படிச்சாலும் அதே வேன்தானே அண்ணாச்சி? இவுகளையும் கேட்டுப் பாருங்க, வேற எங்கன போகன்னு."

தங்கச்சாமி மகள் கையை இன்னும் விடவில்லை.

"சோப்புப் போட்டுத்தானப்பா கழுவினேன்" என்றாள் பானுப்பிரியா.

"சோப்புக்குப் போகாது தாயி" என்றார் தங்கச்சாமி. "நான் போட்டுப் பாத்துட்டேன்."